கையிலேயே போடும்மா

ஓமந்தூர் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற ஒரு காணிக் கொல்லைக்குச் சொந்தக்காரர் பெரியதம்பி. சொரியாசிஸ் வந்து உடம்பெல்லாம் செதிலாய் உதிர்ந்தது. அப்புறம் விரல் மூட்டுகள் வீங்கின. இது ஒட்டுவாரொட்டி இல்லை என்று டாக்டர் தலைபாடாய் அடித்துக்கொண்டதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? பெண்சாதி அஞ்சம்மாள் பாண்டிச்சேரியில் இருக்கிற மகள் வீட்டோடு போய்விட்டாள். முடிவெட்டுகிறவர்கூட நாற்காலியைக் காலியாக வைத்துக்கொண்டே, "இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்திங்க" என்றார். அட, மனுசன் என்னதான் செய்வார்? கண்ணாடி ஒன்று வாங்கி வந்து தானே மழித்துக்கொண்டார்.

போன வருஷம்தான் விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் பயாலஜிக் என்கிற புதுவகை ஊசி போட ஆரம்பித்தார்கள். மாதம் ஒன்று. நாலைந்து ஊசியிலேயே தோல் தெளிந்தது, விரல்கள் பழையபடி மடங்கின. ஆனாலும் டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் தள்ளி உட்காருகிற பழக்கம் மட்டும் போகவில்லை.

நர்ஸ் கலைப்பிரியா ஒருத்திதான் தயங்காமல் அவர் மேல்கையைப் பிடிப்பாள். துடைத்து, ஊசி போட்டு, பஞ்சை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்துவாள். மாதம் முழுக்க அவர்மேல் படுகிற கை அது ஒன்றுதான்.

"பேனா மாதிரிதாங்க ஐயா இருக்குது. தொடையில நீங்களே போட்டுக்கலாம். எதுக்கு பஸ்சு புடிச்சி அலைஞ்சிக்கினு?" என்பாள்.

"வெரலு புடிக்க மாட்டேங்குது. நீ கையிலேயே போடும்மா." கூசாமல் புளுகுவார்.

இந்த மாதம் வெளியே காத்திருந்தபோது, அவளுக்குக் கொடுக்கலாமென்று மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். கை மளமளவென்று ஓடியது. நிமிர்ந்தால் எதிரே கலைப்பிரியா, அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பெரியதம்பி சட்டென்று கைகளைத் துண்டுக்கடியில் ஒளித்தார். ஊசியை வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டால் இங்கே வர வேறு சாக்கு ஏது?

உள்ளே போனதும் பேனாவை அவர் கையில் கொடுத்தாள். "போடுங்க பாக்கலாம்."

தொடையில் வைத்து அழுத்தினார். பிசகாமல் இறங்கியது, பாழாய்ப்போன ஊசி.

"சூப்பருங்க ஐயா! இனிமே நீங்க அலையவே வேணாம்."

பெரியதம்பி எழுந்திருக்கவில்லை. சட்டைக் கையைச் சுருட்டி மேல்கையை நீட்டினார். "இங்க வலிக்குதும்மா."

ஊசியே படாத இடம். கலைப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பஞ்சை எடுத்து அங்கே வைத்து, அடுத்த ஆளைக் கூப்பிடும்வரை அழுத்திக்கொண்டிருந்தாள்.