பன்னிரண்டு-ஏ வீடு

பிரிக்பீல்ட்ஸில் எனக்கு ஒரு சின்ன மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு மேல் அங்கே ஈ, காக்கை வராது. அந்த நேரத்தில் நான் கணினியில் வரைபடம் வரைவேன். யார் வேண்டுமானாலும் தெரு சேர்க்கலாம், தப்பிருந்தால் திருத்தலாம் என்று உலகத்துக்கே திறந்துவிட்ட வரைபடம் அது. வானத்திலிருந்து எடுத்த படம் திரையில் விரியும். கூரைகள், மரங்கள், வாய்க்கால்கள், சத்தமே இல்லாத ஊர்கள். நான் அவற்றின் மேல் கோடு இழுத்துக்கொண்டே போவேன். கால் தரையில் படாமல் கிள்ளானிலிருந்து காஜாங் வரை மிதந்துவிட்டு வருவேன். வாடிக்கையாளர் "பாஸ், பாஸ்" என்று இரண்டு தடவை கூப்பிட்டால்தான் கீழே இறங்குவேன். சம்பளம் கிடையாது. அந்தச் சுகம் போதும் எனக்கு.

அக்காவும் தம்பியும் பேசி அப்போது ஏழு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவின் கருமாதியன்று ஒரு சொல், அதற்கு ஒரு பதில், அவ்வளவுதான் சண்டை. நடுவில் பிறந்த நான் இரண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கொண்டு, தீபாவளிக்குத் தம்பிக்கு ஒரு மெசேஜ் போடுவதோடு நிறுத்திக்கொண்டேன். அப்படியிருக்க, போன வருஷம் தம்பி பொண்டாட்டியிடமிருந்து எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. வீடு வாங்கியிருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் புது வீட்டின் முதல் பாலைக் கூடப்பிறந்தவள்தான் காய்ச்ச வேண்டும். "அக்காதான் வந்து காய்ச்சணுமாம். ஞாயித்துக்கெழம காலைல ஏழுலேர்ந்து ஏழே முக்காலுக்குள்ள. இந்தத் தடவ வரலன்னா இனிமே கூப்பிட மாட்டேன்னு சொல்றாரு" என்று எழுதி, கீழே விலாசம் போட்டிருந்தாள். வீட்டு நம்பர், தெரு, தாமான் என்கிற குடியிருப்பின் பெயர். ஊர் பெயரை மட்டும் போடவில்லை.

அக்கா கிள்ளானில் இருக்கிறாள். மெசேஜைக் காட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மெதுவாக, "எந்த ஊருன்னு கேளேன்" என்றாள். நான் போனை எடுப்பதற்குள், "வேணாம், வேணாம்! நான் எங்க இருக்கேன்னுகூட உங்களுக்குத் தெரியலயான்னு கேப்பான். மானம் போயிடும்" என்றாள்.

"எதுக்குக்கா கேக்கணும்? என் மேப் இருக்குலா" என்று நான் பெருமையடித்தேன்.

12A, ஒரு பூவின் பெயர் கொண்ட தெரு. அடித்தவுடனே செமினியில் ஒரு சிவப்புப் புள்ளி வந்து நின்றது. இப்போது எல்லாரும் செமினியில்தானே வீடு வாங்குகிறார்கள் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். அக்கா பச்சைப் பட்டு உடுத்தி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். கார் முழுக்க மல்லிகை வாசம். காஜாங் தாண்டியதும் பனி இறங்கியது. வண்டி வெளிச்சத்தில் செம்பனை மரங்கள் பாதி தெரிந்தன, பாதி தெரியவில்லை. "சின்னப் பிள்ளையில அவன் என் கையப் புடிச்சிக்கிட்டுத்தான் தூங்குவான்" என்றாள் அக்கா, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி. அந்தப் பனிக்குள் பேசினால் எல்லாம் கலைந்துவிடும் போல இருந்தது. பாதை முடியாமல் போய்க்கொண்டே இருந்தாலும் சரிதான் என்றுகூட நினைத்தேன்.

ஆறே முக்காலுக்குப் புள்ளி இருந்த இடத்தில் வண்டியை நிறுத்தினேன். கேட்டில் 12A என்று பளிச்சென்று இருந்தது. ஆனால் வாழைமரம் இல்லை, தோரணம் இல்லை. ஒரு சீனக் கிழவர் அரைக்கால் சட்டையோடு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். யாரைத் தேடுகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். அக்காவின் பட்டுச் சேலையைப் பார்த்து, பாவம், அவரே சங்கடப்பட்டார்.

தம்பி பொண்டாட்டிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. பூஜை நடக்கும் வீட்டில் யார் போனைப் பார்ப்பார்கள்?

"அறிவுகெட்ட சனியன்!" என்று போனைத் திட்டிக்கொண்டே, நம்பர் இல்லாமல் தெருவை மட்டும் தேடினேன். இரண்டு ஊர் வந்தது. செமினி, அப்புறம் சுங்கை பூலோ. தாமான் பெயரும் தெருப் பெயரும் அப்படியே ஒன்று. சுங்கை பூலோ தெருவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது நான் வரைந்த தெரு.

ஒவ்வொரு வீட்டுக்கும் நம்பர் எழுதப் பொறுமையில்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. வரிசையின் முதல் வீட்டில் 2 என்றும் கடைசி வீட்டில் 40 என்றும் எழுதி ஒரு கோடு இழுத்துவிட்டால், நடுவில் உள்ளதை மேப்பே எண்ணிக்கொள்ளும். கடையில் உட்கார்ந்தபடி நான் அதைத்தான் செய்திருந்தேன். மேப் சமர்த்தாக 12, 14, 16 என்று எண்ணியிருக்கிறது. இந்த நாட்டில் எத்தனை தாமானில் 14 இருக்கிறது? சீன மொழியில் நாலு என்று சொன்னால் சாவு என்பது போலக் கேட்கும். அதனால் 14-க்குப் பதில் 12A என்றுதான் கேட்டில் எழுதுவார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். மிதந்துகொண்டிருந்தவனுக்கு ஞாபகம் வரவில்லை. என் கோடு விழுங்கிவிட்ட 12A-வை மேப் ஊரெல்லாம் தேடி, கடைசியில் செமினியில் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது. என் சொந்தத் தம்பியின் கூரை மேல் கோடு போட்டிருக்கிறேன், அவன் வீடு என்று தெரியாமலே.

அக்காவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். "வண்டிய எடு" என்றாள், அவ்வளவுதான்.

ஏழு முப்பத்தைந்துக்கு, நெடுஞ்சாலையில் தம்பி பொண்டாட்டி போன் அடித்தாள். "எங்க இருக்கீங்க? ஐயர் நேரம் முடியுதுங்கிறாரு." இன்னும் இருபது நிமிஷம் என்றேன். பின்னால் என்னவோ மணிச்சத்தம். "அப்ப என் கூடப்பொறந்த அக்காவையே காய்ச்சச் சொல்லிடுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். என் அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குச் செத்துப் போகலாம் போல இருந்தது.

போய்ச் சேர்ந்தபோது எட்டு. வெளியே கூடாரத்தில் ஆட்கள் பசியாறிக்கொண்டிருந்தார்கள். தம்பி கேட்டருகே நின்றான். காதோரம் நரைத்திருந்தது.

"டேய், என் தப்புடா, மேப்புல நான்..." என்று ஆரம்பித்தேன்.

"சும்மா இருங்கண்ணே." அவன் அக்காவைத்தான் பார்த்தான். "வர இஷ்டமில்லன்னா சொல்லியிருக்கலாம்லக்கா. எல்லார் முன்னாலயும் காத்துக்கிட்டு நின்னேன்."

"வழி தெரியலடா."

"ஒரு போன் போட்டிருக்கலாம்."

"போட்டிருக்கலாம்." அக்காவின் குரல் உடைந்தது. "உன்கிட்ட கேக்க எனக்கு வாய் வரல. இவனும் இவன் மேப்பும் இருக்காங்கன்னு கெளம்பிட்டேன். செமினில போய் யார் வீட்டு முன்னாலயோ நின்னேன்டா."

"செமினிக்கா போனீங்க?"

அக்கா தலையாட்டினாள். தம்பி அவள் சேலை முந்தானை தரையில் புரள்வதைப் பார்த்தான். பிறகு கேட்டை முழுசாகத் திறந்தான்.

"பால் ஆறிப்போச்சுக்கா. எனக்கு மட்டும் நீ சூடு பண்ணிக் குடு. நான் இன்னும் குடிக்கல."

அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள்.