ஒற்றை ஜன்னல் குடித்தனம்

ஒற்றை ஜன்னல் வீட்டில் கைக்குழந்தை வளர்ப்பவளுக்குப் பாதி வேலை குழந்தையோடு, மீதி வேலை காற்றோடு. ஈஜிபுரா மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய இடத்தில் குடியிருந்தவர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம்.

சாம்பிராணி

பாப்பாவுக்குத் தலைக்கு ஊற்றினால் சாம்பிராணி போடுவது எங்கள் வழக்கம். ஊரில் ஓட்டு வீடு, புகை தானே போய்விடும். இங்கே கான்கிரீட் அறை. குளிர்காற்று பட்டுவிடுமே என்று கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டுப் புகை போட்டேன். மழைக்காலம் வேறு. ஈரத்துணியெல்லாம் அறைக்குள்ளேயே கொடியில் தொங்கும். சுவரில் பூசணம் பூத்தது, பாப்பாவை இருமல் பிடித்துக்கொண்டது. மருந்து கொடுத்தும் விடவில்லை. பயந்துபோய் மறுபடி டாக்டரம்மாவிடம் ஓடினேன். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாப்பாவை விட உங்க வீட்டுக்குத்தாம்மா சளி அதிகம். முதல்ல ஜன்னலைத் தொறந்து வைங்க."

எதிர் ஜன்னல்

சாம்பிராணியை நிறுத்தினேன். துணியை மாடிக்குக் கொண்டுபோனேன். ஜன்னலைத் திறந்தால் கைநீட்டும் தூரத்தில் எதிர்வீட்டு அடுப்படி. அங்கே மஞ்சுளாக்கா, கன்னடக்காரர், மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். பாப்பாவும் நானும் மாறி மாறித் தும்மினோம். "என்னக்கா இது?" என்றேன் கம்பி வழியாக. கரண்டியை நிறுத்தாமலே பதில் வந்தது: "நான் தினம் இதே டைமுக்குத்தான் வறுக்கிறேன் தாயீ. அங்கே ஒரு ஜன்னல் இருக்கிறதே இன்னைக்குத்தான் தெரியுது."

ஆனாலும் நல்ல மனசு. அன்றிலிருந்து தாளிக்கும் முன்னால் கம்பியில் கரண்டியால் ஒரு தட்டு தட்டுவார், நான் சாத்துவேன். முடிந்ததும் இரண்டு தட்டு.

வாசல் கதவு

வந்த காற்று வெளியே போக வழி வேண்டுமே. ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்த வாசல் கதவையும் திறந்து வைத்தேன். வாசல் என்றால் ஐந்து குடித்தனமும் நடக்கும் வழி. பழைய புடவையைப் பாதி உயரத்துக்குக் கட்டினேன். ஷிஃப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்: "நம்ம வீடுதானா, இல்ல டீக்கடை ஏதும் வெச்சுட்டியா?"

ஒரு மத்தியானம்

சுவர் காய்ந்தது. இருமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒருநாள் மத்தியானம் பாப்பா ஒருதரம்கூட இருமாமல் தூங்கினாள். அதைப் பார்த்துக்கொண்டே நானும் அசந்துவிட்டேன். கம்பியில் தடதடவென்று சத்தம். பதறி எழுந்தால் மஞ்சுளாக்கா, கையில் கரண்டி, முகமெல்லாம் கவலை: "இருமல் சத்தமே கேக்கல, சொல்லாம ஊருக்குப் போயிட்டியோன்னு நினைச்சேன்."

ஒற்றை ஜன்னலில் காற்று தனியாக வராது, எதிர்வீட்டு மீன்குழம்பு, சீரியல், சண்டை எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டுதான் வரும். இரண்டு பக்கமும் ஜன்னல் உள்ள இப்போதைய வீட்டில் காற்று தனியாகத்தான் வருகிறது, அது ஒன்றுதான் குறை.