வெள்ளத்தில் ஓடிய ஜெர்மன் கார்

நேற்று சிங்கப்பூர் பிடோக்கில் யாரோ ஒரு பழைய ஜெர்மன் காரின் கதவைச் சாத்தினார்கள். அந்தக் கனத்த சத்தம் கேட்டதும் எனக்கு அப்பா ஓட்டிய கார் நினைவுக்கு வந்தது.

எழுபதுகளில் அப்பா ஒரு யாழ்ப்பாணத்து வக்கீலுக்கு டிரைவர். காரை இரவில் எங்கள் வீட்டருகே நிறுத்தலாம், சொந்த வேலைக்கு எடுக்கக்கூடாது. ஒரு மழைநாள் காலையில் அம்மாவுக்குப் பிரசவ வலி கண்டது. சிராங்கூன் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். டாக்சி கிடைக்கவில்லை. அப்பா அந்தக் காரையே எடுத்தார்.

பின்சீட்டில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் காலடியில் தண்ணீர் ஏறியது. வழியில் மற்ற கார்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின.

"நம்ம வண்டியும் நின்னுடுமாப்பா?"

"ஜெர்மன்காரன் வண்டி, டீசல் இன்ஜின். நிக்காது லா," என்றார்.

கார் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன சற்று நேரத்தில் தம்பி பிறந்தான்.

மாலையில் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு வக்கீல் வீட்டுக்குப் போனார். வேலை போய்விடும் என்று வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தார். வக்கீல் கார்க் கதவைத் திறந்து நனைந்த சீட்டைப் பார்த்தார்.

"கேக்காம எடுத்துட்டேன் சார்."

"தாயும் பிள்ளையும் சுகமோ?"

"சுகம் சார்."

"பிறகென்ன? சீட் காயும்," என்றவர், என் பக்கம் குனிந்து, "சாப்பிட்டனியோ பிள்ளை?" என்றார்.

காலையிலிருந்து நாங்கள் எதுவுமே சாப்பிட்டிருக்கவில்லை. அப்பா வாசற்படியில் உட்கார்ந்து அழுதார்.