ஆர்வில் தேய்த்த சரிவு

என் அக்கா புருஷன் ஆர்வில் டீக் பயந்த சுபாவம். இதை நான் கேலிக்குச் சொல்லவில்லை. கேலிக்கும் சொல்வேன், அது வேறு. பிக்கெட் ஊரில் பள்ளிக்கூட பஸ்களுக்கு பிரேக் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். பஸ் ஒழுங்காக நின்றால் யாரும் ஒரு வார்த்தை பாராட்ட மாட்டார்கள், நிற்காவிட்டால் பிள்ளைகள் போய்விடும். அப்படி ஒரு வேலையில் காலத்தை ஓட்டியவருக்கு எதைப் பார்த்தாலும் இது எப்படிக் கெட்டுப்போகும் என்றுதான் முதலில் தோன்றும். வானம் லேசாகப் பச்சை நிறம் காட்டினால் போதும், சூறாவளி வந்தால் பதுங்க அவர் வெட்டிய குழிக்குள் மெத்தையும் தண்ணீரும் இறங்கிவிடும். "குழிக்குள்ள இறங்கு, இறங்குன்னே என் உசுரை வாங்குறார் இந்த மனுஷன்" என்று என் அக்கா நடீன் சிரிப்பாள். கடைசியில் அவளைக் கொண்டுபோனது புற்றுநோய். அதற்குக் குழி எதுவும் அவர் வெட்டி வைத்திருக்கவில்லை.

அவர்களுக்கு ஒரே மகள், ரெட்டா. அவளைக் கட்டிக்கொண்டு, தோள்பட்டை எலும்பை உடைத்து, அதற்காக ஜெயிலுக்குப் போன ராய்ஸ் அந்த வாரம் வெளியே வருவதாக இருந்தது. அவள் பக்கமே போகக்கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்டிருந்தார். ராய்ஸ் உத்தரவுக்கெல்லாம் அடங்குகிற ஆள் என்றால் அவள் எலும்பு ஏன் உடைந்திருக்கும்?

ஆர்வில் தன் பழைய கைத்துப்பாக்கியை மகளிடம் கொடுத்தார். ஓக்லஹோமாவில் அப்பன் மகளுக்குத் துப்பாக்கி கொடுப்பது குடை கொடுப்பது மாதிரிதான். வீட்டுக்குப் பின்னால் குளத்துக் கரை மேட்டில் ஒரு காபி டின்னை நிறுத்திச் சுடச் சொன்னார். முதல் குண்டு போனது. அடுத்தது பாதி வழியில் மாட்டிக்கொண்டு மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. எடுத்துச் சரிசெய்து கொடுத்தார். மறுபடி சிக்கியது. அவர் வாங்கிச் சுட்டபோது ஒன்றுகூடச் சிக்கவில்லை.

துப்பாக்கிக்குள்ளே ஒரு சின்னச் சரிவு இருக்கிறது, விரல் நக அகலம்தான். தோட்டாக்களை அடுக்கும் மேகசினிலிருந்து எழும்பும் தோட்டா அதன் மேல் சறுக்கி ஏறிக் குழலுக்குள் நுழைய வேண்டும். ராம்ப் என்பார்கள். எங்கள் ஊரில் தோட்டா சிக்குகிறது என்று வாயைத் திறந்தால் எல்லோரிடமும் ஒரே மருந்துதான்: ராம்ப்பைத் தேய். முடி வெட்டுகிறவர் அதைத்தான் சொன்னார். பாதிரியாரும் பிரசங்கம் முடிந்த கையோடு அதையே சொன்னார். ரெட்டா வேலை பார்க்கும் தீவனக்கடையின் முதலாளி ப்ரூயிட், தானே தேய்த்துத் தருகிறேன் என்று வேறு கிளம்பினார். ரெட்டாவின் கையைப் பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை. செத்த எலியைத் தூக்குகிற மாதிரி அவள் அதைப் பிடித்திருந்தாள். மணிக்கட்டு விறைப்பாக இல்லாவிட்டால் அந்த ஜாதித் துப்பாக்கி அடுத்த தோட்டாவைச் சரியாக ஏற்றாது. எனக்கே தெரியும், பள்ளிக்கூடத்தில் சமைத்துப்போடுகிற எனக்கே.

"ஆர்வில், கோளாறு துப்பாக்கியில இல்ல. அவ மணிக்கட்டுல இருக்கு. பயந்து பயந்து தொளதொளன்னு பிடிக்கிறா" என்றேன்.

"தெரியுது ஓபல். மணிக்கட்டை நான் எதை வெச்சுத் தேய்க்கிறது?"

அடுப்படி மேசையில் பழைய துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். நான் பன்றி எலும்பு போட்டு அவரைக்கொட்டை வேகவைத்துக்கொண்டிருந்தேன். துப்பாக்கியைப் பிரித்து, குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி, எண்ணெய் தொட்டு, மெதுவாகத் தேய்த்தார். கறுப்புக் கசடு வந்தது. துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடியும் தேய்த்தார். அதோடு நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. சாயங்காலம் ரெட்டா சுட்டபோது திரும்பவும் சிக்கியது. அவர் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன்.

மறுநாள் கையில் பிடித்துத் தேய்க்கிற சின்ன மோட்டாரை எடுத்துவந்தார். முனையில் கம்பளி உருண்டை, அதில் பாலிஷ் பசை. ஙொய் என்று அது கத்திய கத்தலில் என் பல் கூசியது.

"போதும், விடுங்க. அதுல மூஞ்சி பாத்து ஷேவே பண்ணிக்கலாம் போல இருக்கு."

"ராம்ப்போட இந்த மேல் விளிம்பு இடிக்குது ஓபல். இதைக் கொஞ்சம் மழுக்கிவிட்டா வழுக்கிட்டுப் போயிடும்."

"நேத்தும் கொஞ்சம்னுதான் சொன்னீங்க."

மோட்டாரை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவன் எதிர்ல நிக்கிறான்னு வெச்சுக்கோ. இவ சுடுறா. சிக்கிடுது. அப்புறம் என்ன நடக்கும்னு யோசிச்சியா? எனக்குக் கண்ணை மூடினா அதுதான் ஓடுது." மோட்டார் மறுபடி கத்தத் தொடங்கியது. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ராய்ஸ் வெளியே வரும் நாள் வந்தது. ஆர்வில் விடிந்ததும் கரை மேட்டுக்குப் போய் ஒரு மேகசின் முழுக்கச் சுட்டுப் பார்த்தார். தோட்டாக்கள் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கின. கையோடு ரெட்டாவிடம் கொடுத்து வேலைக்கு அனுப்பிவிட்டு, மண்ணில் கிடந்த தோட்டாக்களின் வெற்றுக்கூடுகளைப் பொறுக்கினார். எங்கள் பக்கம் வெற்றுக்கூட்டைக் கீழே விட்டுவிட்டு வருகிறவனைக் கிறுக்கன் என்பார்கள். கழுவி, வெடிமருந்து நிரப்பி, திரும்பப் பயன்படுத்துவதுதான் வழக்கம். நான் சோள ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு கூடாகத் துடைத்தவர், திடீரென்று நிறுத்தினார்.

"ஓபல், இதைத் தடவிப் பாரு."

பித்தளைக் கூட்டின் அடிப்பக்கத்தில் ஒரு இடம் மட்டும் வயிறு தள்ளியிருந்தது. அடுத்த கூட்டிலும் அப்படியே. எல்லாவற்றிலும் அதே இடம்.

"ராம்ப்போட மேல் விளிம்பை நான் அதிகமா தேய்ச்சுட்டேன்" என்றார். "தோட்டாவோட அடிப்பக்கத்தைத் தாங்குறதே அதுதான். இப்போ தாங்க ஒண்ணும் இல்ல. இது வீங்குனதோட நின்னுச்சு. அடுத்தது கிழியும். கிழிஞ்சா வெடி முன்னாடி போகாது. கீழ இறங்கும், அவ கைக்குள்ள."

ரெட்டாவின் போனுக்கு அடித்தோம், எடுக்கவில்லை. கடை போன் வேறு யாருடனோ பேசிக்கொண்டே இருந்தது. பழைய பிக்கப் வண்டியில் ஏறினோம். மஞ்சள் விளக்கைப் பார்த்தாலே நின்றுவிடுகிற மனுஷன், சிவப்பிலும் நிற்காமல் போனார்.

"போய் வாங்கிட்டோம்னா அவ கையில வேற என்ன இருக்கும்? இன்னைக்குப் பாத்து!" என்றேன்.

"வாங்கலைன்னா கையே இருக்காது."

தீவனக்கடைக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் ராய்ஸின் சிவப்பு டிரக் நின்றது. ராய்ஸ் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். கை இரண்டும் முன்பக்கம் இருந்ததால் அதில் என்ன வைத்திருக்கிறான் என்று தெரியவில்லை. அவனுக்கு எதிரே, மாட்டுத் தீவன மூட்டைகளில் சாய்ந்தபடி ரெட்டா. இரண்டு கையாலும் துப்பாக்கியை நீட்டியிருந்தாள். இப்போது தொளதொளப்பு இல்லை. இறுக்கிப் பிடித்திருந்தாள்.

சுடாதே என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன். ஆர்வில் என் கையை அழுத்தினார். துப்பாக்கி உதவாது என்று ராய்ஸின் காதில் விழுந்தால் அடுத்த நிமிஷம் அவன் அவள் மேல் இருப்பான். கத்தாமல் இருந்தால் அவள் சுடுவாள். இந்தப் பக்கமும் போக முடியாது, அந்தப் பக்கமும் போக முடியாது.

ஆர்வில் இறங்கி நடந்தார். ஓடவில்லை. அவனைத் தாண்டிப் போய், இரண்டு பேருக்கும் நடுவில், மகளைப் பார்த்து, குழலுக்கு நேராக நெஞ்சைக் காட்டி நின்றார்.

"இறக்கும்மா" என்றார்.

"தள்ளுப்பா!"

"இறக்கு கண்ணு."

ராய்ஸ் சிரித்தான். "பாத்தியா ரெட்டா? பெருசுக்கு யாரு மேல பாசம்னு பாத்தியா?"

அப்போது ரெட்டாவின் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. நான் ஹாரனில் இரண்டு கையையும் வைத்து மொத்தப் பாரத்தையும் போட்டு அழுத்தினேன். எடுக்கவே இல்லை. கடைக்குள்ளிருந்து ப்ரூயிட் வந்தார், மூட்டை ஏற்றுகிறவர்கள் வந்தார்கள், எதிர்க் கடைக்காரி வந்தாள். இத்தனை கண்களைப் பார்த்ததும் ராய்ஸ் காறித் துப்பிவிட்டு டிரக்கில் ஏறிப் போனான். போலீஸ் வந்தது, கேட்டது, தேடுகிறோம் என்றது.

வண்டியில் ரெட்டா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆர்வில் துப்பாக்கியிலிருந்து தோட்டா எல்லாவற்றையும் உருவிவிட்டு சீட்டுக்கு அடியில் தள்ளினார். கடை கண்ணுக்கு மறைந்ததும் ரெட்டா அவர் பக்கம் திரும்பினாள்.

"அவனை ஏன்ப்பா காப்பாத்துன?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கூட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, வீங்கிய இடத்தைத் தடவச் சொன்னார். தான் செய்ததைச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே அதைத் தடவினாள்.

"அங்கயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அவனுக்கும் கேக்கும்மா."

வண்டி தண்டவாளத்தைக் கடந்தது. ஆர்வில் தயங்கித் தயங்கிக் கேட்டார். "என் முதுகுப் பக்கம் நின்னானே. எந்நேரமும் கத்தி இறங்கும்னு பாத்துக்கிட்டே நின்னேன். கையில என்னம்மா வெச்சிருந்தான்?"

"ஒண்ணும் இல்லப்பா. வெறுங்கை."

அவர் மூச்சு விட்டார். நானும் விட்டேன்.

ரெட்டா தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். "போன தடவையும் வெறுங்கைதான்" என்றாள்.