இன்னொருவனின் ‘நான்’

இரண்டாயிரங்களின் நடுவில் ஷார்ஜாவில் ஒரு சட்ட மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஊரில் அரபிக் கல்லூரியில் ஓதிய அரபியும் வீட்டுத் தமிழும் எனக்குச் சோறு போட்டன. அரபி தெரியாதவர் கூண்டில் நின்றால் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் விசாரிக்கக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். தமிழ் ஆள் என்றால் எங்களுக்குப் போன் வரும்.

அந்த வேலையில் ஒரு விதி உண்டு. ‘அவர் இப்படிச் சொல்கிறார்’ என்று பேசக் கூடாது. அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். விசா முடிந்த வழக்கு, சாராய வழக்கு என்று அப்படிச் சொல்லிப் பழகியிருந்தேன். கொலை வழக்குக்குப் போனது அதுதான் முதல் தடவை.

குற்றம் சாட்டப்பட்டவனுக்கு முப்பது வயதிருக்கும். பெரம்பலூர்ப் பக்கம். கூலித் தொழிலாளர்கள் தங்கும் சோனாப்பூர் கேம்ப்பில் அவனோடு ஒரே ரூமில் இருந்த சொந்த ஊர்க்காரன், கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தில் லிப்டுக்காக விட்டிருந்த குழியில் விழுந்து செத்துப்போனான். போலீஸ் கேட்டபோது இவன், “நான்தான் கொன்னுட்டேன்” என்று அழுதிருக்கிறான். அவசரத்துக்கு அங்கே கூட்டிவந்திருந்த ஆளுக்கு அரைகுறைத் தமிழ். அதை அப்படியே அரபியில் சொல்லிவிட்டான். முந்தின வாரம் இருவரும் சண்டை போட்டதைப் பார்த்தவர்களும் இருந்தார்கள்.

விசாரணைக்கு முன் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் அவனைப் பார்த்தேன். அவனுக்காக நீதிமன்றமே அமர்த்திய எகிப்திய வக்கீல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டதைத் தமிழில் சொன்னேன். அவன் என்னைப் பார்க்காமல் என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, என்னைப் பாத்துச் சொல்லுங்க.”

“உங்ககிட்டதான் சொல்றேன் பாய். அவனும் கேட்டுக்கிட்டு நிக்கிறான்.”

“யாரு?”

“உங்க பின்னாடி நிக்கிறானே.”

திரும்பினேன். வெறும் சுவர். வக்கீல் என்னவென்று கேட்டார். சொன்னதைச் சொல்வதுதானே என் வேலை. ‘உங்கள் பின்னால் நிற்கிறான்’ என்று அரபியில் சொன்னேன். வக்கீல் சட்டென்று தன் முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். 

நீதிமன்றத்தில் நீதிபதி அவனை நேரடியாகவே கேட்டார், கொன்றாயா என்று. கேள்வியைத் தமிழில் சொன்னேன்.

“ஆமா. நான்தான் கொன்னேன்.”

நான் அரபியில், “ஆம், நான்தான் கொன்றேன்” என்றேன். என் குரல் ஒலிபெருக்கியில் கூடம் முழுக்கக் கேட்டது. நீதிபதி அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.  எதையோ செய்துவிட்டு வந்த கைகளைப்போல என் கைகளை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டேன்.

வக்கீல் எழுந்து, எப்படிக் கொன்றான் என்று கேட்கச் சொன்னார்.

“காச்சல்னு படுத்துக் கெடந்தான் பாய். லீவு போட்டா ஃபோர்மேன் கத்துவான், எந்திரிடான்னு நான்தான் இழுத்துட்டுப் போயி பஸ்ல ஏத்துனேன். தல சுத்துதுன்னான். சண்டபோட்ட கோவத்துல நடிக்கிறான்னு நெனச்சிட்டேன்.”

“விழுந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“கீழ கம்பி வளைச்சிக்கிட்டு இருந்தேன். சத்தந்தான் கேட்டுச்சு.”

எல்லாவற்றையும் ‘நான்’ போட்டே சொல்லி முடித்தேன். பிறகு நீதிபதியிடம் அனுமதி கேட்டு என் சொந்தக் குரலில் பேசினேன். துக்கத்தில் இருப்பவர் தமிழில் இப்படிச் சொல்வது வழக்கம், கையால் கொன்றதாக அர்த்தமில்லை என்றேன்.  நீதிபதி அடுத்த வாய்தாவுக்கு ஃபோர்மேனை வரவழைத்தார். அந்த நேரத்தில் இவன் தரைத்தளத்தில் தன் கண் முன்னால் வேலை செய்துகொண்டிருந்தான் என்று ஃபோர்மேன் சாட்சி சொன்னார். அவன் விடுதலையானான்.

வராந்தாவில் அவனிடம் போனேன்.

“விட்டுட்டாங்க தம்பி. நீங்க கொல்லலைன்னு தீர்ப்பு.”

முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தான்.

“நான் சொன்னத நீங்க சரியாச் சொல்லலியா பாய்?”

“ஒரு வார்த்தை விடாமச் சொன்னேன்.”

“அப்பறம் எப்படி விட்டாங்க?”

 போலீஸ்காரர் “யல்லா”, கிளம்பு என்று அவன் தோளைத் தட்டினார். நடந்தான். கதவைத் திறந்ததும் ஒதுங்கி நின்று, யாருக்கோ முதலில் வழிவிட்டான். அதன் பிறகே அவன் வெளியே போனான். போலீஸ்காரரும் காத்து நின்றார், ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அந்த மாதமே கம்பெனி அவனை ஊருக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அடுத்து ஒரு கொலை வழக்குக்குப் போன் வந்தபோது, வேறு ஆளை அனுப்புங்கள் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டேன்.