மூக்கில் இல்லாத ஈயம்

சனிக்கிழமை பின்னேரங்களில் என் வீட்டு முன்னறையில் நாங்கள் நான்கு பேர் கூடிப் பிளாஸ்டிக் மாதிரி விமானம் ஒட்டுவோம். ஒருவர் கணித ஆசிரியர், ஒருவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், ஒருவர் கிண்ணியாவில் பாமசி, மருந்துக்கடை, வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணர்; அவரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். நான்காவது ஆள் நான். எல்லோருக்கும் நாற்பது தாண்டிவிட்டது, நானாவுக்கு அறுபதும் தாண்டிவிட்டது. என் மனைவி தேத்தண்ணி கொண்டு வரும்போது "பிள்ளையளுக்கு" என்று சொல்லித்தான் வைப்பாள். எங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. யுத்தத்தில் எங்கள் தலைக்கு மேலே பறந்த எதையும் நாங்கள் கட்டுவதில்லை. பழைய பயணிகள் விமானம், தபால் விமானம், கடலில் இறங்கும் விமானம், இவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்தில் வாய்க்காரன் நான். யாராவது பசையைச் சிந்தினால், சக்கரத்தை மாறி ஒட்டினால், ஒரு கிழமைக்கு விடமாட்டேன். ஆசிரியர் ஒருமுறை இறக்கையைத் தலைகீழாக ஒட்டியதை இரண்டு வருடம் சொல்லிச் சிரித்தேன்.

மூக்கின் கீழே சக்கரம் உள்ள விமானத்துக்கு மூக்குக்குள் பாரம் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் மேசையில் நிறுத்தியதும் வால் குத்தி உட்கார்ந்துவிடும். உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டி மூடுமுன் வைத்தால்தான் உண்டு. மூடிய பின் உடைக்காமல் வைக்க ஏலாது. இறக்கக்கண்டி மீனவர்கள் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைத்தான் நாங்கள் எல்லோரும் வாங்கி வைத்திருந்தோம்.

நானா ஆறு மாதமாகக் கட்டியது இரட்டை எஞ்சின் பயணிகள் விமானம் ஒன்று. அன்று மூக்கில் நான்கு ஈயக்குண்டுகளை வைத்துவிட்டு அஸர் தொழப் போனார். அவர் போனதும் நான் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தவில்லை, ஈயம் இடித்தது. யார் கேட்டார்கள் என்னை? குண்டுகளை எடுத்து என் பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டு, உள்விளிம்பைச் சுரண்டினேன். அதற்குள் கிரேன்காரர் ஏதோ கதை தொடங்கினார், நானாவும் திரும்பி வந்தார். நான் பாதிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன், அவர் பசை பூசினார்.

வெள்ளை அடித்து, நீலக்கோடு ஒட்டி, ஐந்து கிழமை கழித்து அதை மேசையில் நிறுத்தினார். வால் குத்தி உட்கார்ந்தது.

ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். குண்டு நுழையாத சின்னச் சக்கரத் துவாரத்துக்குள் ரோச் லைட் அடித்துப் பார்த்தோம். வெறுமை.

"வெச்சனான் தம்பி," என்றார் நானா. "என்ட கையால வெச்ச மாதிரியே இரிக்கி."

எனக்கு அந்தக் கணமே ஞாபகம் வந்துவிட்டது. டின் மூடியைக் கொஞ்சம் திறந்தேன். குண்டுகள் கிடந்தன. மூடினேன். இத்தனை நாள் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்த வாய், அன்று தன் பிழையைச் சொல்ல வெட்கப்பட்டது. அடுத்த கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன்.

நானா சிரிக்கவில்லை. கதிரையில் சாய்ந்து, "உம்மாக்கும் இப்பிடித்தான் துவங்கின," என்றார். அவருடைய தாய் மறதி முற்றி, கடைசி நான்கு வருடமும் அவரை யாரென்று கேட்டுக்கொண்டிருந்தவர். அதை நாங்கள் எல்லோரும் அறிவோம். அறிந்தும் நான் டின்னைத் திறந்து காட்டவில்லை.

அடுத்த கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. ஒவ்வொரு சனியும் நான் நல்ல பிள்ளை மாதிரி, "நானாவுக்கு என்ன நடந்தது?" என்று மற்றவர்களோடு சேர்ந்து கேட்டேன். இதை எழுதும்போதும் என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

மூன்றாம் மாதம் குண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிண்ணியாவுக்கு பஸ் ஏறினேன். பாமசியில் மருந்து எடுத்துக் கொடுத்தது மருமகன். நானா ஒரு மூலையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மருந்து குடுக்கிற வேல இனி எனக்குச் சரிவராது தம்பி. ஒரு குளுச மாறிக் குடுத்தா ஒரு உசிரு."

குண்டுகளை அவர் முன்னால் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். சுரண்டியது, டின், மூடியைத் திறந்து மூடியது. ஒன்றையும் மறைக்கவில்லை.

அவர் ஒரு குண்டை எடுத்து விரலால் உருட்டினார். "இது எல்லாரிட்டயும் இரிக்கிற ஈயம்தானே," என்றார். "எனக்காகப் பொய் சொல்ல வேணாம் தம்பி. நீங்க பிழ விட்டா அண்டைக்கே சொல்லியிருப்பீங்க. உங்கள எனக்குத் தெரியாதா?"

"இல்ல நானா, உண்மையாத்தான்..."

"போதும்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மருமகனைக் கூப்பிட்டு, "பாருங்க மகன், என்னத் தேத்திறத்துக்காக இந்த மனிசன் பஸ் ஏறி வந்திரிக்கார்," என்றார். மருமகன் என்னை மரியாதையோடு பார்த்தான்.

நானா உள்ளே சொல்லி அனுப்பிய தேத்தண்ணி வந்தது. ஒரு மிடறு குடித்தேன். சீனி இல்லை. எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, என்று இரண்டு வருடத்துக்கு முன் ஒரே ஒரு தடவைதான் அவரிடம் சொல்லியிருந்தேன்.