ரிமோட்டுக்குள் ஒரு ஸ்டிக்கர் பொட்டு

கார் ரிமோட் ரிப்பேர் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: யாரும் ரிமோட்டை மட்டும் கொண்டுவர மாட்டார்கள், கூடவே பழி போட ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். பெண்டாட்டி, பிள்ளை, வாஷிங் மெஷின், யாருமே கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கண்.

உச்சி வெயிலில் காருக்கு முன்னால் நின்று, ரிமோட்டை முகவாயில் வைத்து அமுக்கி, உள்ளங்கையில் தட்டி, காற்றில் உதறி, கடைசியில் காரையே கெஞ்சியவரா நீங்கள்? அப்படியென்றால் நம்ம ஆள்தான், உட்காருங்கள். என் கடை பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அம்பத்தூர் எஸ்டேட்டில் சால்டரிங் வேலை பார்த்த கை இது. ஆனாலும் வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, பின்னால் எட்டிப் பார்த்து, "அண்ணன் இல்லையா?" என்பார்கள். "அண்ணன் ஊட்டுல கொழம்பு வெச்சிகினு கீறாரு. ரிமோட்டைக் குடுங்க" என்பேன். என் கை பட்ட ரிமோட் திரும்பி வராது என்று ஒரு திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிரை ஒரே ஒரு ரிமோட் அடக்கியது. அதற்கு வருகிறேன்.

பூஜை போட்ட ரிமோட்

ஆயுத பூஜைக்கு மறுநாள் சென்னீர்குப்பத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். கால் டாக்ஸி ஓட்டுகிறவன். காருக்கு மாலை போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தவன், ரிமோட்டை மட்டும் விடுவானேன் என்று அதற்கும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருக்கிறான். சந்தனம் பட்டன் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, லாக் பட்டன் அமுங்கியபடியே ராத்திரி முழுக்க நின்றிருக்கிறது. உள்ளே இருந்த பட்டன் செல் காலி.

பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டச் சுரண்ட கடையே கோயில் மாதிரி மணத்தது. அவன் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னான்: "வண்டி நல்லா ஓடணும்னுதானக்கா பூச போட்டேன், அதுக்கே பட்த்துகிச்சின்னா நான் யார்கிட்டக்கா போய் சொல்றது?"

காதுகுத்துக்குப் போன மாமன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன். ஆவடி பக்கம் அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து, தாய்மாமன் நடுவழியில் டீ குடிக்க இறங்கியிருக்கிறார். ரிமோட் செத்துவிட்டது. தோடு, பட்டுப்பாவாடை, சீர்த்தட்டு எல்லாம் காருக்குள்ளே. கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரிகிறது, எடுக்க முடியவில்லை. மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. கண்ணாடியை உடைக்கக் கல் எடுத்துவிட்டதாகச் சொன்னார்.

"கல்லைக் கீழ போடு அண்ணாத்தே" என்று ஒரு அதட்டு போட்டேன். நான் எல்லோருக்கும் சொல்லித்தரும் வித்தைதான். ரிமோட்டின் ஓரத்தில் ஒரு சின்னத் தாழ் இருக்கும், அதைத் தள்ளி இழுத்தால் உள்ளிருந்து இரும்புச் சாவி வரும். டிரைவர் பக்கக் கைப்பிடி ஓரத்து மூடியைக் கழற்றினால் சாவித் துவாரம். உள்ளே உட்கார்ந்து, செத்த ரிமோட்டையே ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டவைத்து அமுக்கினால் வண்டி கிளம்பிவிடும், செல்லே தேவையில்லை. சொல்லச் சொல்லச் செய்தார். கதவு திறந்ததும் கார் ஊரைக் கூட்டி அலறியது, இன்ஜின் ஓடியதும் அடங்கியது. பிறகு சொன்னார்: "மூணு வருசமா இந்த வண்டிய வெச்சிகினு கீறேன், கதவுல சாவி ஓட்டை கீதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

அண்ணன் இல்லையா என்று கேட்காதவர்

ஆவுடையப்பன் சார் டிஃபென்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். திருநெல்வேலி பக்கத்து ஆள். குவார்ட்டர்ஸை விட்டபின் பருத்திப்பட்டில் ஏரிக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டார். அயர்ன் பண்ணின சட்டை, பாக்கெட்டில் பேனா. அண்ணனைத் தேடாமல் நேராக என்னிடமே ரிமோட்டை நீட்டியதால் அவரை எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

திறந்தேன். செல்லின் நட்டநடுவில் ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு. கம்பி செல்லைத் தொட முடியாமல் பொட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. தானாகப் போய் ஒட்டிக்கொள்கிற இடமா அது? அவரிடம் ஒன்றும் சொல்லாமல் பொட்டைப் பிய்த்து, பழக்கதோஷத்தில் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, ரிமோட்டை மூடிக் கொடுத்தேன். மறுவாரமே அதே ரிமோட் திரும்பி வந்தது. உள்ளே இன்னொரு பொட்டு, இந்தத் தடவை பச்சை. என் மானமே போச்சு. "சாரி சார், இப்பவே சரி பண்ணித் தரேன்" என்று பரபரத்து, அதையும் பிய்த்துக் கண்ணாடியில் ஒட்டி, அப்போதே மூடி நீட்டினேன். அவர் ஸ்டூலில் சாவகாசமாக உட்கார்ந்து சொன்னார்: "அவசரமே இல்லம்மா, ரெண்டு நாள் வெச்சிருந்து பார்த்துக்கூட குடு."

பொட்டுக்குச் சொந்தக்காரி

அடுத்த நாள் ஒரு அம்மா பஸ்ஸில் வந்து இறங்கி, விறுவிறுவென்று கடைக்குள் நுழைந்து, முதலில் கண்ணாடியைப் பார்த்தார். "எம் பொட்டுதான்" என்றார். அவர்தான் கோமதி அக்கா, சாரின் வீட்டுக்காரம்மா. கோபமாக வந்தவர் உட்கார்ந்ததும் அழுதுவிட்டார். சாருக்குக் கண்ணில் பிரஷராம். நேரே பார்ப்பது தெரியும், பக்கவாட்டில் வருவது தெரியாது. இனி வண்டி தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் ஒருநாள் எடுத்திருக்கிறார். ஏரிக்கரை ரோட்டில் ஸ்கூல் யூனிஃபார்மோடு ஒரு பெண் குழந்தை சைக்கிளில் ஓரமாக வந்திருக்கிறது. அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்ததால் வண்டி புதரில் நின்றது, குழந்தை எதுவும் தெரியாமல் மணி அடித்துக்கொண்டே போய்விட்டது.

"செல்லை எடுத்திருக்கலாமே அக்கா" என்றேன். "காலியா இருந்தா கண்டுபிடிச்சிருவாகள்லா" என்றார். ரெண்டு தடவை அந்தப் பொட்டைப் பிய்த்துக் கொடுத்தது நான்தானே. அக்கா மூக்கை உறிஞ்சிவிட்டு, பையிலிருந்து ஒரு பொட்டு அட்டையை எடுத்து என் மேஜைமேல் வைத்தார்: "ஏ பிள்ள, நீ நல்லா வேலை பாக்கே, கொஞ்ச நாளைக்கு மோசமா வேலை பாரேன்."

சொல்லாமல் விட்ட வித்தை

அதற்கப்புறம் சார் வரும்போதெல்லாம் நான் நடிக்கத் தொடங்கினேன். ரிமோட்டைத் திறப்பேன், ஊதுவேன், உதட்டைப் பிதுக்குவேன், பழைய பொட்டு தளர்ந்திருந்தால் அட்டையிலிருந்து புதுசு ஒன்றை ஒட்டி மூடுவேன். "போர்டுல இன்னாவோ கோளாறு சார், பிடிபட மாட்டேங்குது." கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் இரும்புச் சாவி வித்தையைச் சொல்கிற வாய், அவர் முன்னால் மட்டும் இறுகிக்கொள்ளும். சொல்லிவிட்டால் பொட்டு எதற்கு ஆகும்? அன்றைக்கே வண்டியைக் கிளப்பிவிடுவாரே. நல்ல மனுஷனை ஏமாற்றுகிறோமே என்று இருக்கும். அந்த சைக்கிள் குழந்தையை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வேன்.

அவரோ கோபித்துக்கொள்ளவே இல்லை. டீ வாங்கிக் கொடுப்பார், மெட்ரோ வேலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பேசுவார், வேலை செய்யாத ரிமோட்டைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் இதையே சொல்வார்: "நீ முயற்சி பண்ணுதியே, அது போதும்மா."

இடது பக்கத்து சீட்டு

போன மாதம் கடை வாசலில் ஒரு டிரைவிங் ஸ்கூல் கார் நின்றது. டிரைவர் சீட்டிலிருந்து வியர்க்க விறுவிறுக்க இறங்கியவர் கோமதி அக்கா. இடது பக்கம் சார் உட்கார வேண்டும் என்பதற்காக மாஸ்டரைப் பின் சீட்டுக்கு அனுப்ப அடம்பிடித்துத் தோற்றாராம், அதனால் சார் பின்னால். ரெண்டு வாரம் கழித்து லைசென்ஸும் கையுமாக, சார் டீ சொல்லப் போன நேரத்தில், அக்காவே ரிமோட்டை நீட்டினார். "பொட்டை எடுத்துரு பிள்ள. இனிமே நான்தான் ஓட்டப்போறேன்." பிய்த்தேன், கண்ணாடியில் ஒட்டினேன். பொட்டு ஒட்டி ஒட்டி அதில் என் முகமே பாதிதான் தெரிகிறது.

சார் டீயோடு திரும்பி வந்து, அக்கா எதிர்க்கடையில் பூ வாங்கப் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. "சார், மன்னிச்சிக்குங்க, இத்தினி நாளா..." என்று ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தி ரிமோட்டை வாங்கினார். கண்ணால் பார்க்கவில்லை, கட்டைவிரலால் ஓரத்துத் தாழைத் தள்ளி இரும்புச் சாவியை லாகவமாக உருவிக் காட்டி, மறுபடி உள்ளே தள்ளினார். கார் வாங்கின அன்றைக்கே புத்தகத்தை வரி விடாமல் படித்தவராம். ஒருநாள் திறந்து தடவியபோது செல்லின் மேல் பொட்டு இருந்ததும் நகத்தில் தட்டுப்பட்டிருக்கிறது.

பூக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தபடியே அவர் மெதுவாகச் சொன்னார்: "நீ சரி பண்ணிக் குடுத்த அன்னிக்கெல்லாம் எனக்கு பக்குன்னு இருக்கும்மா, ராத்திரி அவ கண்ணுல படுத மாதிரி ரிமோட்டை வெச்சிட்டுப் படுத்துருவேன். கண்ணு சரியில்லன்னு நாலு பேர்ட்ட சொல்லுததைவிட, ரிமோட்டு சரியில்லன்னு சொல்லுதது லேசா இருந்துச்சு."

இப்போதெல்லாம் வேலை செய்யாத ரிமோட்டோடு யார் வந்தாலும், கார் என்ன மாடல் என்று கேட்பதற்கு முன்னால் வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.